செங்கோட்டைச் சாரலில் கெயிலார்டியா: மூன்று தடவை நட்ட கதை

போன வாரம் காலையில் பூவாளியோடு முற்றத்துக்குப் போனால் அம்மா எனக்கு முன்னாலேயே அங்கே நிற்கிறாள். முந்தின நாள் சாயங்காலம் நான் அரிந்து தள்ளிய பாத்தியைப் பார்த்துக்கொண்டு, "ஏலே, நல்லா பூத்துக்கிட்டு நின்னதை ஏம்லே மொட்டையடிச்சே?" என்றாள். மழை வரப்போகுதும்மா, அதுக்குத்தான் என்றேன். மழை வந்தால் செடி தழைக்கும், அதை ஏன் வெட்ட வேண்டும் என்று அவள் கேட்டது நியாயமான கேள்விதான். மூன்று தடவை நட்டு, இரண்டு தடவை மொத்தமாகப் பறிகொடுத்த பிறகுதான் எனக்கே அதற்குப் பதில் தெரியும். அவளிடம் முழுக்கச் சொன்னால் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும், அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு செங்கோட்டையில். முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்து, 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர், இன்னும் தெருவில் பாதிப் பேச்சு மலையாளம் கலந்த அந்தப் பக்கத்துப் பேச்சாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுச் சேச்சி கேரளத்துப் புனலூர்க்காரர். அவர் வீட்டு மொட்டைமாடியில்தான் கெயிலார்டியாவை முதன்முதலில் பார்த்தேன். உடைந்த சிமெண்ட் தொட்டி, அதில் பாதி மண், பாதி கல். பத்துப் பதினைந்து பூ நின்றது. நடுவில் மாதுளை முத்துச் சிவப்பு, இதழ் நுனியில் பளிச்சென்று மஞ்சள். ஒவ்வொரு இதழின் நுனியும் மூன்றாகப் பிளந்திருக்கும், சின்னப் பிள்ளை கத்தரிக்கோலை வைத்து விளையாடின மாதிரி. சித்திரை வெயிலில் மற்றச் செடியெல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருந்தபோது இது மட்டும் நிமிர்ந்து நின்றது, அதில்தான் விழுந்தேன். வாசனை கிடையாது, தலையில் வைக்க முடியாது. அம்மாவுக்கு இந்தப் பூவின் மேல் இன்றைக்கும் மரியாதை வராததற்கு அதுதான் காரணம்.

அன்றைக்குச் சேச்சி சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "மோனே, இதுக்கு வெள்ளம் வேண்டா." எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு வெள்ளம் என்றால் அவருக்குத் தண்ணீர் என்று தெரியாமல் இருக்குமா, தெரியும். ஆனாலும் சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கேட்டிருந்தால் மீதிக் கதை இல்லை.

முதல் தடவை, 2023 ஆவணி. வெட்கப்படும்படியான தோல்வி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விதையை அவரைக்கொட்டை மாதிரி அரை இஞ்சு ஆழத்தில் குழிபோட்டுப் புதைத்தேன். மூன்று வாரம் தண்ணீர் ஊற்றினேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. இந்த விதை வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பாதியை எறும்பு இழுத்துப்போயிருக்கும், மீதி இருட்டிலேயே மக்கியிருக்கும்.

இரண்டாவது தடவை 2024 தையில். இந்தத் தடவை நாற்றுத்தட்டு வாங்கி, தேங்காய்நார்க் கழிவும் மண்புழு உரமும் சரிபாதி கலந்து நிரப்பி, நன்றாக நனைத்துவிட்டு, விதையை மேலாகத் தூவி உள்ளங்கையால் ஒரு அழுத்து, அவ்வளவுதான். மேலே மண் போடவில்லை. பிரியாணி வாங்கின பிளாஸ்டிக் டப்பாவின் மூடி ஒளி ஊடுருவும், அதைக் கவிழ்த்து வைத்தேன். தண்ணீரை ஊற்றாமல் தட்டைப் பத்து நிமிடம் தண்ணீரில் வைத்துக் கீழிருந்து குடிக்க விட்டேன், ஊற்றினால் விதை ஓரத்துக்கு ஓடிவிடும். ஒன்பதாம் நாள் பச்சை தெரிந்தது. 50 விதையில் 31 வந்தது. எனக்கு அது பெரிய வெற்றிதான்.

இந்த விதையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், அடியில் பழுப்பு முடி, தலையில் மெல்லிய தாள் மாதிரி செதில்கள் கிரீடமாக விரிந்திருக்கும். ஷட்டில் விளையாடும் பூப்பந்தை எறும்பு அளவுக்குச் சுருக்கினால் அதுதான். எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் கீழே என்று நாம் கவலைப்பட வேண்டாம், தூவினால் அதுவே உட்கார்ந்துகொள்ளும்.

நாற்று நாலு இலை, ஆறு இலை வந்ததும் மாசியில் முற்றத்துத் தரையில் 22 நட்டேன். இங்கேதான் பாசம் கண்ணை மறைத்தது. ஏறக்குறைய எல்லாக் குழிக்கும் ஒரு கூடை மக்கிய சாணம், ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு, அப்புறம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கடலைப் புண்ணாக்கை ஊறவைத்த தண்ணீர். கத்தரிச் செடிக்குச் செய்வதை அப்படியே இதற்கும் செய்தேன். செடி கொழுகொழுவென்று வளர்ந்தது, இலை கீரை மாதிரி அகலமாக வந்தது, ஆனால் தண்டுக்கு நிற்கத் தெம்பு இல்லை. பூ வந்த பிறகு எல்லாம் தரையில் படுத்துக்கொண்டு தலையை மட்டும் தூக்கிப் பார்த்தன. வட அமெரிக்காவின் புல்வெளியிலும் சாலையோர மணலிலும் பட்டினி கிடந்தே பழகின செடி இது. ஓக்லஹோமா மாநிலம் 1986-இல் இதைத்தான் தன் காட்டுப்பூவாக அறிவித்தது. இந்தியப் போர்வை என்றொரு பெயர் இதற்கு உண்டு, அந்த இந்தியர்கள் நாம் இல்லை, அந்த நாட்டுப் பூர்வகுடிகள் நெய்யும் போர்வையின் நிறம் என்பதால் வந்த பெயர். கெயிலார்டியா என்பது 18-ஆம் நூற்றாண்டில் தாவர ஆராய்ச்சியை ஆதரித்த ஒரு பிரெஞ்சு நீதிபதியின் பெயரிலிருந்து வந்தது. இவ்வளவையும் படித்துத் தெரிந்துகொண்டவன், வறண்ட மண் என்று போட்டிருந்த வரியை மட்டும் தாண்டிப் போயிருக்கிறேன்.

சித்திரையில் 18 செடி பூத்தது. படுத்துக்கொண்டு பூத்தாலும் பூத்தது. வைகாசி தொடக்கத்தில் கோடைமழை பிடித்தது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்ததே, அந்த வாரம்தான். எங்கள் முற்றத்தில் மூன்று நாள் கால் வைத்தால் சேறு. நாலாம் நாள் வெயில் அடித்ததும் செடியெல்லாம் வாடி நின்றது, தண்ணீர் பற்றாமல் வாடுகிற அதே வாட்டம். ஈரத்தில் நிற்கும் செடி ஏன் வாட வேண்டும் என்று யோசிக்காமல், அட வெயில் கடுமை என்று இன்னும் ஒரு வாளி ஊற்றினேன். இதை எழுதும்போது எனக்கே கை கூசுகிறது.

மறுநாள் ஒன்றைப் பிடித்து லேசாக இழுத்தேன், மேல்பாகம் மட்டும் கையோடு வந்துவிட்டது. தண்டும் வேரும் சேரும் இடம், கழுத்து என்று சொல்வார்களே, அந்த இடம் கறுத்து, விரலால் நசுக்கினால் வேகவைத்த வாழைத்தண்டு மாதிரி நாராகப் பிரிந்தது, புளித்த மாவு வாடை. ஆனால் கீழே வேர் வெள்ளையாக, முழுசாக இருந்தது. செடி செத்தது வேரில் இல்லை, கழுத்தில். அதுவும் நான் சாணத்தைக் கழுத்து மூடும்வரை குவித்து வைத்திருந்தேன், ஈரப் பஞ்சைக் கட்டிவிட்ட மாதிரி. ஐந்து செடி பிழைத்தது. ஆனியில் மலையிலிருந்து சாரல் இறங்கி, இருபது நாள் வெயிலே காணாமல் நின்றதில் அதிலும் நாலு போயிற்று.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சின்ன வயிற்றெரிச்சல் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு நர்சரியில் இடையில் ஆறு கன்று வாங்கியிருந்தேன். "பெரன்னியலாணு, பத்து வருஷம் நிக்கும்" என்று சொல்லித்தான் தந்தார்கள். விதையில் வந்ததற்கு முன்னாலேயே அவைதான் முதலில் செத்தன. பல்லாண்டுச் செடி என்ற சொல் பனி விழும் நாடுகளின் கணக்கு. அங்கே குளிரில் மேலே கருகி, வேர் உறங்கி, வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும் செடிக்கு அந்தப் பெயர். நமக்கு அப்படி ஒரு குளிர் ஏது, இங்கே இந்தச் செடியைக் கொல்லுவது ஈரம். செங்கோட்டைக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. அப்படிப் பார்த்தால் எங்கள் ஊரில் இதற்கு வருஷத்துக்கு இரண்டு பனிக்காலம். தவிரவும் கிராண்டிஃப்ளோரா என்கிற பெரிய பூக் கலப்பினம் அதன் சொந்தச் சீமையிலேயே இரண்டு மூன்று வருஷம் நின்றால் அதிகம் என்று சொல்கிறார்கள், பத்து வருஷத்துக்கு எங்கே போவது.

ஒன்று மட்டும் பிழைத்தது என்றேன் அல்லவா, அது நின்ற இடத்தைப் போய்ப் பார்த்தேன். காம்பவுண்ட் சுவர் கட்டும்போது மிஞ்சின சல்லியும் மணலும் கொட்டிக் கிடந்த மூலை. சாணம் போடாமல் விட்ட ஒரே குழியும் அதுதான், சாணம் தீர்ந்துபோனதால் விட்டது.

அன்றைக்கே ஒரு சோதனை செய்தேன், செலவில்லாதது, செடி வைப்பதற்கு முன்னால் எல்லோரும் செய்து பார்க்கலாம். முற்றத்தின் நடுவில் ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலம் குழி தோண்டி, முதலில் ஒரு தடவை தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, மறுபடி நிரப்பினேன். அப்போது காலை எட்டு மணி. மதியச் சாப்பாட்டுக்கு வந்து பார்த்தால் பாதி நிற்கிறது, சாயங்காலம் விளக்கு வைக்கும்போதும் அடியில் நாலு விரல் தண்ணீர். இத்தனைக்கும் மேல்மண் நல்ல செம்மண். வீடு கட்டின இடம் பழைய வயல், ஒரு அடிக்குக் கீழே களி. நெல்லுக்கென்று எத்தனையோ தலைமுறையாக மிதித்துக் கெட்டிப்படுத்தின களி, அது தண்ணீரை விடுமா என்ன.

சரி, கீழே போக முடியாவிட்டால் மேலே போவோம் என்று மேட்டுப்பாத்தி கட்டினேன். ஹாலோ பிளாக் கல்லை இரண்டு வரிசை, சிமெண்ட் பூசாமல் அப்படியே அடுக்கினது. பத்து அடி நீளம், மூன்று அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். அடியில் உடைந்த செங்கல்லும் ஓடும் ஒரு சாண் உயரத்துக்கு. அதற்கு மேல் இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், கால் பங்கு மண்புழு உரம், அவ்வளவுதான் சாப்பாடு. மணல் பரும்படியாக இருக்க வேண்டும், பூச்சுவேலைக்குச் சலித்த மணலைப் போட்டால் மண்ணோடு சேர்ந்து சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிவிடும். நடுப்பாகம் சற்று உயர்ந்து, இரண்டு பக்கமும் சரிவாக, மாட்டுமுதுகு மாதிரி. புரட்டாசியில் கட்டி முடித்துவிட்டுச் செடி வைக்காமல் ஒரு மழைக்காலம் சும்மா போட்டேன். அது நல்லதாகப் போயிற்று, டிசம்பர் இரண்டாவது வாரம் குற்றாலம் அருவியெல்லாம் கரைபுரண்டு வந்த அந்த மழையில் முற்றம் குளமாக நின்றது. பாத்தி மட்டும் மறுநாள் மதியம் கையில் எடுத்தால் உதிருகிற பதத்துக்கு வந்துவிட்டது. ஒரு ஓரத்துக் கல் மட்டும் சரிந்தது, திருப்பி அடுக்கினேன்.

மூன்றாவது தடவை 2025 தையில் விதைத்து, மாசியில் ஒரு அடி இடைவெளியில் 24 செடி. பாதி கிராண்டிஃப்ளோரா, பாதி புல்செல்லா என்கிற ஒருவருஷ வகை, அதிலும் லோரென்சியானா என்று பூ உருண்டையாகக் குஞ்சம் மாதிரி வருமே, அது கொஞ்சம். நடும்போது கழுத்து மண்மட்டத்துக்கு ஒரு விரல்கடை மேலேயே இருக்கும்படி வைத்து, சுற்றிலும் கைப்பிடி அளவு கால் இஞ்சுச் சல்லியைப் பரப்பினேன். மழைத்துளி விழுந்து மண் தெறித்துக் கழுத்தில் ஒட்டாது, மேல்ஈரமும் சீக்கிரம் காயும். நான் செய்ததிலேயே மலிவானதும் அதிகம் பலித்ததும் இந்தச் சல்லிதான்.

புல்செல்லா பங்குனிக் கடைசியில் மொட்டு விட்டது. கிராண்டிஃப்ளோரா பன்னிரண்டும் இலையை வட்டமாக விரித்து வைத்துக்கொண்டு, முள்ளங்கிச் செடி மாதிரி உட்கார்ந்தே இருந்தன. சித்திரை போய் வைகாசி வந்தும் ஒரு மொட்டு இல்லை. கேட் பக்கம் நின்ற ஒன்றே ஒன்றைத் தவிர, அது மட்டும் சித்திரையிலேயே பூத்தது. மண் ஒன்று, விதை ஒன்று, தண்ணீர் ஒன்று, இதற்கு மட்டும் என்ன? பத்து நாள் கழித்து ராத்திரி கேட் பூட்டப் போனபோது உறைத்தது, கேட்டில் விடிய விடிய எரிகிற எல்.இ.டி. பல்பு நேராக அந்தச் செடியின் தலையில் அடிக்கிறது. கிராண்டிஃப்ளோரா வகைகளில் பலதும் பகல் நீண்டால்தான் மொட்டு வைக்கும். வடக்கே பனி விழும் நாடுகளில் கோடையில் பகல் 15, 16 மணி நேரம்கூடப் போகும், எங்கள் ஊரில் ஆனி மாசத்தில்கூட 12 மணி 45 நிமிடத்தைத் தாண்டாது. பல்பை அது சாயாத சூரியன் என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ. ஒரு செடியை வைத்து முடிவு கட்டக் கூடாது, அதனால் இன்னொரு பல்பை நடுப்பாத்திக்கு மேல் தொங்கவிட்டு ராத்திரி பதினொரு மணி வரை எரியவிட்டுப் பார்த்தேன். ஐந்து வாரத்தில் நாலு செடி மொட்டு விட்டது. கரண்ட் பில்லைப் பார்த்து வீட்டில் முறைத்ததும் நிறுத்திவிட்டேன். எங்கள் பக்கத்தில் இதை வளர்க்க நினைக்கிறவர்களுக்கு என் அபிப்பிராயம், பாக்கெட்டில் ஒருவருஷம் என்று போட்டிருக்கிற புல்செல்லாவையே வாங்குங்கள். என் பாத்தியில் அதுதான் வருஷம் தாண்டி நிற்கிறது.

அதை நிற்கவைப்பது வெட்டுத்தான். பூ வாடினதும் இதழ் உதிர்ந்து ஒரு பழுப்பு உருண்டை நிற்கும், அதைக் காம்போடு கீழே அடுத்த மொட்டுக் கணுவரை இறங்கி வெட்ட வேண்டும். தலையை மட்டும் கிள்ளினால் மொட்டைக் குச்சி காய்ந்து அசிங்கமாக நிற்கும். இது வாரம் இரண்டு தடவை செய்வது. பெரிய வெட்டு வருஷத்துக்கு இரண்டு, வைகாசிக் கடைசியில் சாரலுக்கு முன் ஒன்று, புரட்டாசிக் கடைசியில் ஐப்பசி மழைக்கு முன் ஒன்று. தரையிலிருந்து ஒரு சாண் விட்டு மேலே உள்ளதை எல்லாம் எடுத்துவிட வேண்டும், பூ இருந்தாலும் மொட்டு இருந்தாலும். அப்போதுதான் நடுவில் காற்றுப் புகும், படுத்த இலையின் கீழே ஈரம் தங்காது. ஆடிக் காற்று கணவாய் வழியாக வந்து அடிக்கிற அடியில் உயர்ந்த செடி கழுத்தில் ஆடி ஆடிப் புண்ணாகும், அந்தப் புண்ணில்தான் அழுகல் ஏறுகிறது என்று எனக்கு ஒரு எண்ணம். குட்டையாக நின்றால் காற்றுக்கு அது கண்ணிலேயே படாது.

வெட்டும்போது முழுக்கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள். முதல் வெட்டுக்கு நான் பனியனோடு இறங்கினேன், அன்று ராத்திரி முழங்கை வரை தடித்து ஒரே அரிப்பு. இதன் சாற்றில் இருக்கிற பொருள்கள் சிலருக்குத் தோலில் ஒத்துக்கொள்ளாது. பார்த்தீனியத்தின் உறவுக்காரச் செடிதானே, குடும்பக் குணம் எங்கே போகும். பக்கத்துத் தெரு ஆடு ஒன்று கேட் திறந்திருந்தபோது உள்ளே வந்து ஒரு வாய் கடித்து, துப்பிவிட்டுப் போனது இதனால்தானோ என்னவோ. செம்பருத்தியை மட்டும் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டுப் போயிற்று.

அந்த வருஷம் சாரல் முடிந்து எண்ணினேன், 24-இல் 20. கார்த்திகைக்குப் பிறகு 17. செத்த ஒன்றைப் பிடுங்கினபோது வேர் ஒடிந்து மண்ணிலேயே தங்கிவிட்டது, கிராண்டிஃப்ளோரா அது. மார்கழிக் கடைசியில் பார்த்தால் அந்த இடத்தைச் சுற்றி வட்டமாக மூன்று துளிர். ஒடிந்த வேர்த்துண்டிலிருந்து முளைத்திருக்கிறது. இப்போது வேண்டுமென்றே பென்சில் கனத்து வேரை இரண்டு இஞ்சுக்கு வெட்டி மணல் தட்டில் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எட்டுத் துண்டில் இதுவரை இரண்டு கண் திறந்திருக்கிறது.

கூடவே வைத்த வேறு பூச்செடிகளில் கோரியாப்சிஸ் மஞ்சள் இதே பாத்தியில் இதே வைத்தியத்துக்கு நன்றாக வந்தது, கெயிலார்டியாவைவிடப் பிடிவாதக்காரச் செடி. ஜப்பானில் அதன் ஒரு வகையை 2006-இல் வளர்க்கக் கூடாத அந்நியச் செடிப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள் என்று படித்த பிறகு விதை சிதறாமல் பார்த்துக்கொள்கிறேன். ருட்பெக்கியா இலையெல்லாம் சாம்பல் பூத்துக் கெட்டது. எக்கினேசியாவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, முளைக்கவே இல்லை.

விதைக்கென்று மூன்று செடியை மட்டும் கிள்ளாமல் விட்டிருந்தேன். உருண்டை நன்றாகக் காய்ந்து, விரலால் தொட்டாலே பூப்பந்துகள் கழன்று வருகிற பதத்தில் எடுத்து, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரில் போட்டு வைத்தேன். கலப்பின விதை தாயைப் போல வராது, என்ன நிறம் வந்தாலும் சரி என்கிறவர்களுக்கு அது. புல்செல்லா விதையில் ஒரு கவரைச் சேச்சிக்குக் கொடுத்தேன், அவருடைய தொட்டிச் செடி போன மழையில் போய்விட்டது, மாடி ஒழுகுகிறது என்று தொட்டியை நகர்த்தி ஓட்டுத் தண்ணீர் விழும் இடத்தில் வைத்துவிட்டார்களாம். கவரை வாங்கிக்கொண்டு, எவ்வளவு வெள்ளம் ஒழிக்க வேண்டும், அதாவது எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும், என்று என்னைக் கேட்டார். நிஜமாகவே கேட்டாரா, கிண்டலா என்று இன்னும் தெரியவில்லை.

அம்மாவுக்கு வருவோம். வெட்டிப் போட்டதில் பூவோடு இருந்த காம்புகளை மட்டும் பொறுக்கி, சொம்பில் தண்ணீர் ஊற்றி, டிவி மேசையில் வைத்திருக்கிறாள். ஆறு நாள் ஆகிறது, இன்னும் வாடவில்லை. மொட்டையடித்த பாத்தியில் நேற்று பார்த்தேன், ஒரு சாண் குச்சிகளின் அடியில் சல்லியை ஒட்டிச் சின்னச் சின்னப் பச்சை எட்டிப் பார்க்கிறது. புளியரைப் பக்கம் மலை இன்று மதியத்திலிருந்து தெரியவில்லை, முழுக்க மேகம்.